தோற்றவனைக் காணும் கண்

மற்போர் தமிழருக்குப் புதியதன்று. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வீழ்த்திய செய்தியைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியுள்ளார். அக்கிள்ளியிடம் நெஞ்சைப் பறிகொடுத்த நக்கண்ணையாரும் பாடியுள்ளார். வெற்றி அவனுடையது என்று ஊரில் ஒரு சாராரும், இல்லை என்று மறு சாராரும் பேசிக்கொள்ள, அவர் ஓடிச்சென்று ஒரு பனைமரத்தைச் சார்ந்து நின்று அவன் வென்றதைத் தம் கண்ணாலேயே கண்டதாகக் கூறுகிறார். இன்றைய வழக்கில் அவரை ஒரு ரசிகை என்றால் தவறாகாது. ஆனால் ஒன்றை நோக்குங்கள். வென்றவனுக்குப் பெயர் உண்டு, குடி உண்டு, பாடியவர் இருவர் உண்டு. வீழ்ந்தவனுக்கோ ஊர்ப்பெயரே பெயராயிற்று. ஆமூர் மல்லன் என்பதற்கு மேல் அவனைப் பற்றி நமக்கு எதுவும் மிஞ்சவில்லை.

அது மெய்ப்போர். நாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்டது வேறொரு வகை மற்போர். யார் வெல்வது, யார் வீழ்வது என்பது கோதாவில் இறங்குமுன்பே முடிவு செய்யப்பட்டுவிடும் அமெரிக்கக் குஸ்தி. 1990-களில் கேபிள் தொலைக்காட்சி சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்த நாள்முதல் நம் வீட்டுப் பிள்ளைகள் அதனைக் கண்டு வளர்ந்தார்கள். பயில்வான்களின் படமும் எடையும் உயரமும் அச்சிட்ட சீட்டுகளை வைத்துத் திண்ணையில் விளையாடினார்கள். அப்போது பெரியவர்கள், "எல்லாம் ஏமாற்று வேலை; இதைப் போய்ப் பார்க்கிறாயே" என்று கடிந்துகொண்டதும் உண்டு. அன்றைய பிள்ளைகள் இன்று பெற்றோர்களாகிவிட்டனர். பழைய காட்சிகளைத் தேடியெடுத்துத் தம் மக்களோடு மீண்டும் பார்க்கின்றனர். ஆகவே வினா மறுபடியும் எழுகிறது. முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்ட போரைப் பார்த்து மகிழ்வது பொய்யில் மகிழ்வதாகுமா? அதுவும் முடிவு நமக்கே தெரிந்தபின் திரும்பப் பார்ப்பதில் பயன் யாது?

வினாவை வெறுங் காற்றில் நிறுத்தாமல் ஒரு காட்சியின்மேல் வைத்துப் பார்ப்போம். 1987 மார்ச் 29-ஆம் நாள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பான்டியாக் நகரின் சில்வர்டோம் அரங்கில் மூன்றாம் ரெஸில்மேனியா நடைபெற்றது. அரங்கில் இடம் பெறாதவர்கள் தனிக் கட்டணம் செலுத்தித் தம் வீட்டிலிருந்தே காணும் பே-பெர்-வியூ முறை வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அக்காட்சியின் முதன்மைப் போர் ஹல்க் ஹோகனுக்கும் ஆந்த்ரே என்னும் பேருருவினருக்கும் இடையே நிகழ்ந்தது. அதற்கு முன்னர் ரேண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதினர்.

இந்த இரண்டாவது இணையின் போரை இன்று மீண்டும் பார்க்குங்கால் முதலில் நம்மைக் கவர்வது அதன் ஒழுங்கு. சாவேஜ் ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டியே வகுத்து, எதிராளியோடு சேர்ந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் என்பது பின்னாளில் வெளிவந்த செய்தி. பரதநாட்டியத்தில் அடவு தவறாமல் ஆடுவதைப்போல் இருவரும் கால்மணி நேரம் ஓயாமல் ஆடுகிறார்கள். இறுதியில் நல்லவராகிய ஸ்டீம்போட் வெல்கிறார். ஆனால் எப்படி வெல்கிறார்? கோதாவுக்கு வெளியே நின்ற துணைவர் ஒருவர் சாவேஜைக் கயிற்றின்மேலிருந்து தள்ளிவிட, அந்த இடைவெளியில் வெல்கிறார். சிறுவயதில் அதனை நாம் கவனிப்பதில்லை. வென்றது நம்மவர் என்ற களிப்பு கண்ணை மறைத்துவிடுகிறது.

அடுத்தது ஆந்த்ரே. பதினைந்து ஆண்டுகளாகத் தோல்வியே காணாதவர், எவராலும் தூக்கியெறியப்படாதவர் என்று அவரை விளம்பரம் செய்தார்கள். போரின் தொடக்கத்தில் ஹோகன் அவரைத் தூக்க முயன்று, பாரம் தாங்காமல் கீழே விழுகிறார். பன்னிரண்டு நிமிடங்கள் கழிந்தபின் அதே ஹோகன் அவரைத் தலைக்குக் கிடையாகத் தூக்கித் தரையில் அறைகிறார். அரங்கமே அதிர்கிறது. முதன்முறை பார்ப்பவர் காண்பது தூக்கியவரின் புயத்தை. ஆனால் ஆந்த்ரேயின் கதை அறிந்தவர் காண்பது வேறு. வளர்ச்சிச் சுரப்பி மிகுந்து உடல் ஓயாமல் பெருகும் நோய் அவருக்கு இருந்தது. 1986-இல் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அன்றைய இரவு அவர் அணிந்திருந்த கறுப்பு உடைக்குள் முதுகைத் தாங்கும் பட்டை இருந்தது. நடப்பதே துன்பமாக இருந்த ஒருவர், இன்னொருவருடைய புகழுக்காகத் தம்மைத் தூக்கி எறிய இசைந்தார். அவர் ஒத்துழைக்காமல் அவரை எவரும் தூக்கியிருக்க இயலாது. ஆறு ஆண்டுகளுக்குள், 1993 ஜனவரியில், நாற்பத்தாறாம் வயதில் அவர் பாரிஸ் நகரில் காலமானார். இன்று சில்வர்டோமும் இல்லை. 2025 ஜூலையில் ஹோகனும் மறைந்தார். எஞ்சியிருப்பது அந்தக் காட்சி ஒன்றே.

இனி, இதில் பொய் எது என்று பிரித்துப் பார்ப்போம். பொய் என்பதற்கு ஏமாற்றுபவரும் ஏமாறுபவரும் வேண்டும். இருவரும் அறிந்தே ஏற்றுக்கொண்ட பாவனை நாடகமாகும். 1989-இல் அந்நிறுவனத்தாரே நியூ ஜெர்சி மாநில ஆட்சிமன்றத்தின்முன் இது கேளிக்கையே என்று ஒப்புக்கொண்டனர். நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மூன்றாம் ரெஸில்மேனியா நடந்த அதே 1987-இல்தான் தூர்தர்ஷனில் இராமாயணத் தொடர் தொடங்கியது. அதில் அனுமனாக வந்தவர் தாரா சிங். கிங்காங்கோடு மோதிய பயில்வான் தாரா சிங்கேதான். அவர் யார் என்று அறியாத வீடு இல்லை. ஆயினும் அவர் கதையைத் தோளில் சாய்த்து நின்றபோது கைகூப்பாத பாட்டிமாரும் குறைவு. பாட்டி ஏமாந்துவிட்டார் என்று யாரேனும் சொல்வரா? வேடத்துக்குள் இருப்பவர் யார் என்று தெரிந்தே அவர் வணங்கினார்.

ஆனால் எல்லாவற்றையும் நாடகம் என்று மன்னித்துவிடவும் இயலாது. பதினைந்து ஆண்டுகள் தோல்வியே காணாதவர் என்ற விளம்பரம் உண்மையன்று. ஆந்த்ரே அதற்கு முன்பும் தோற்றதுண்டு, தூக்கி எறியப்பட்டதும் உண்டு. அரங்கில் 93,173 பேர் கூடினர் என்ற எண்ணிக்கையும் மிகைப்படுத்தப்பட்டது என்று ஆய்ந்தவர் கூறியுள்ளனர். இவை நாடகத்தின் பொய்கள் அல்ல, வாணிகத்தின் பொய்கள். கோதாவுக்குள் நிகழும் பாவனையையும் கடைவாயிலில் நிகழும் மிகையையும் ஒன்றாகக் கருதலாகாது. முன்னதைப் பிள்ளைகளுக்கு ரசிக்கக் கற்றுக்கொடுக்கலாம். பின்னதை ஐயுறக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

முடிவு தெரிந்த போரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது அமெரிக்கர் கண்டுபிடித்த புதுமையும் அன்று. பிழைப்பைத் தேடி நம் குடும்பங்கள் வந்து தங்கிய இந்த மாவட்டத்தில் அது பழைய வழக்கம். சித்தூர்ச் சீமையின் தருமராஜா கோயில்களிலும் திரௌபதியம்மன் கோயில்களிலும் பாரதம் நடக்கிறது. பகலில் கதை சொல்வார்கள். இரவில் கூத்து ஆடுவார்கள். துரியோதனன் வீழும் நாளில் திறந்தவெளியில் மண்ணால் மிகப்பெரிய உருவம் ஒன்றைக் கிடையாக அமைத்து, அதைச் சுற்றியும் அதன்மேலும் வீமனும் துரியோதனனும் கதை சுழற்றிப் போரிடுவார்கள். யார் வெல்வார் என்பது மடியில் இருக்கும் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் ஊர் முழுவதும் வெயிலில் நிற்கிறது.

அங்கே ஊர் காண்பது என்ன? வீமன் கதைப்போரின் நெறிக்கு மாறாகத் தொடையில் அடித்து வெல்வதைக் காண்கிறது. அப்படி அடிக்கக் குறிப்புக் காட்டியவன் கண்ணன். பலராமன் அதைக் கண்டு சினந்தான் என்று பாரதமே கூறுகிறது. வென்றவன் பக்கமே அறம் இருந்தும், வென்ற முறையில் ஒரு கறை இருந்ததை அக்கதை மறைக்கவில்லை. துரியோதனன் வீழ்ந்ததும் திரௌபதி கூந்தல் முடிகிறாள். அத்தோடு ஊர் கலைந்துவிடுவதில்லை. மகனை இழந்த காந்தாரியின் ஒப்பாரி எழுகிறது. கெட்டவன் ஒழிந்தான் என்று சற்றுமுன் ஆரவாரித்த பெண்களே அந்த ஒப்பாரிக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

திருப்பதியில் நடக்கும் கங்கம்மா ஜாத்திரை இதனினும் ஒரு படி மேலே செல்கிறது. ஆண்டுதோறும் மே மாதத்தில் ஏழு நாள் நடைபெறும் அவ்விழாவில், ஊர்ப் பெண்களுக்குத் தீங்கு செய்த பாளையக்காரன் ஒருவனைக் கங்கம்மா பல வேடங்களில் தேடியலைகிறாள். பரம்பரை உரிமை பெற்ற குடும்பத்தார் அவ்வேடங்களைப் பூண்டு தெருத்தெருவாக வருவார்கள். ஒளிந்திருந்தவன் தொர வேடத்தைக் கண்டு வெளியே வர, அவன் தலை வீழ்கிறது. கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்து மாதங்கி வேடம் வருகிறது. கொன்ற அம்மனே மாதங்கியாகி, கொல்லப்பட்டவனுடைய மனைவியரைத் தேற்றச் செல்கிறாள் என்பது ஊர் வழங்கும் கதை. வெற்றியின் மறுநாள் தோற்றவன் வீட்டுக்குச் செல்லும் கடமையை ஒரு விழாவாகவே அமைத்துவிட்டார்கள் இவ்வூர் முன்னோர். அமெரிக்கக் கோதாவில் மாதங்கிக்கு இடம் இல்லை. வென்றவரின் இசை முழங்க, விளக்குகள் அவர்மேல் விழ, தோற்றவர் இருளில் நடந்து மறைகிறார்.

"விரதம் இருந்து ஆடும் கூத்தும் காசுக்குப் போடும் சண்டையும் ஒன்றாகுமா?" என்று அன்பர்கள் கேட்கலாம். ஒன்றாகா; உடன்படுகிறோம். கூத்து ஊருக்குச் சொந்தம். குஸ்தி ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். அந்த வேறுபாடு எத்தகைய கொடுமையில் கொண்டுபோய் விடும் என்பதற்கு 1999 மே 23 சான்று. அன்று கான்சஸ் நகரில் நடந்த ஒரு பே-பெர்-வியூ காட்சியில், ஓவன் ஹார்ட் என்னும் மல்லர் கூரையிலிருந்து கயிற்றில் இறங்குவதாக ஏற்பாடு. பிணைப்பு விடுபட்டு, ஏறத்தாழ எழுபத்தெட்டு அடி உயரத்திலிருந்து கோதாவில் விழுந்தார். வயது முப்பத்து நான்கு. இது காட்சியின் பகுதியன்று என்று வருணனையாளர் தொலைக்காட்சியில் கண்டவர்களிடம் வற்புறுத்திச் சொல்லவேண்டியிருந்தது. அவர் இறந்த செய்தி வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. அரங்கில் இருந்தவர்களுக்கு அறிவிக்கப்படவில்லை. காட்சி தொடர்ந்தது. மீதிப் போர்களும் நடந்து முடிந்தன.

இதனை எண்ணிப் பார்க்கையில்தான் நம் வினாவின் கூர்மை விளங்குகிறது. முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டது என்பதில் தீமை இல்லை. உண்மையில் அதில் ஓர் அருளும் இருக்கிறது. ஆமூர் மல்லன் பட்ட பாட்டை இங்கே ஒருவரும் படவேண்டியதில்லை. தூக்கப்படுபவர் தம் கழுத்தையும் முதுகையும் தூக்குபவரின் கையில் நம்பி ஒப்படைக்கிறார். அவருக்கு ஊறு நேராமல் கீழே இறக்குவதே தூக்குபவரின் கலை. பகைவராகத் தோன்றும் இருவர் ஒருவரையொருவர் காக்கும் தொழில் அது. தீமை பிறக்கும் இடம் வேறு. "எல்லாம் நடிப்புத்தானே" என்று பார்ப்பவர் மனம் மரத்துப்போகும்போது பிறக்கிறது. வேடம் பொய்யாக இருக்கலாம். வேடத்துக்குள் இருக்கும் எலும்பு பொய்யன்று. பகையைப் பாவனை செய்யலாம். கீழே விழும் எடையைப் பாவனை செய்ய இயலாது. பெரியவர்கள் "ஏமாற்று" என்று ஒதுக்கியதும், பிள்ளைகள் "மெய்" என்று நம்பித் தம்பியைக் கட்டிலிலிருந்து தூக்கியெறிய முயன்றதும், ஒரே குறையின் இரு முகங்கள். இரு சாராரும் உடலை மறந்தார்கள்.

ஆகவே மறுமுறை பார்ப்பதன் பயன் இதுவென நாம் கருதுகிறோம். முடிவு தெரியாதபோது நம் கண் வெற்றியைத் துரத்திக்கொண்டே ஓடுகிறது. முடிவு தெரிந்தபின் அதற்கு ஓய்வு கிடைக்கிறது. தோற்றவர் பக்கம் திரும்ப நேரம் கிடைக்கிறது. ஆந்த்ரேயின் முதுகுப் பட்டையைக் காணும் கண் அப்போதுதான் திறக்கிறது. சாவேஜ் தோற்பதற்காக எத்தனை நாள் உழைத்தார் என்பது அப்போதுதான் புலனாகிறது. மாதங்கி சென்ற வழியும் அதுவே.

நம் பிள்ளைகள் இத்தகைய காட்சிகளைப் பார்க்காமல் தடுத்துவிட முடியும் என்று எண்ண வேண்டா. உடன் அமர்ந்து பாருங்கள். "யார் வென்றார்?" என்று கேட்கும் பிள்ளையிடம், "விழுந்தவருக்கு அடிபட்டதா என்று பார்த்தாயா?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள். அடுத்த முறை அருகில் உள்ள ஊரில் பாரதம் நடக்கும்போது அவர்களைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். துரியோதனன் வீழ்ந்தவுடன் கூட்டத்துக்கு முந்திக்கொண்டு வீடு திரும்பிவிடாமல், காந்தாரியின் ஒப்பாரி முடியும்வரை அங்கேயே இருந்து கேட்கச் செய்யுங்கள்.