எடுக்காத படங்களை யார் எண்ணுவது?

'சுயேச்சையான திரைப்படக்காரர்' என்று ஒருத்தரைச் சொல்லும்போது, எதிலிருந்து சுயேச்சை என்று கேட்கிறோம். முதலாளியின் பணத்திலிருந்தா, அரசாங்கத்திலிருந்தா, சங்கத்திலிருந்தா? இன்னொரு கேள்வியைக் கேட்பதில்லை. யாருக்குச் சுயேச்சை? எடுக்கிறவருக்கு மட்டுமா, எடுக்கப்படுகிறவருக்கும் சேர்த்தா? மெக்சிகோவின் பால் லெதுக் என்ற இயக்குநரின் வாழ்க்கையை முன்னால் வைத்து இதைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அவர் யோக்கியமான கலைஞர். ஒடுக்கப்பட்டவர் பக்கம் நின்றவர். அதனாலேயே அவரை எடுத்துக்கொள்கிறேன். மோசமான ஆளை வைத்து அறம் பேசுவது சுலபம்.

லெதுக் 1942இல் மெக்சிகோ நகரத்தில் பிறந்தார். கட்டடக்கலை, நாடகம் என்று படித்துவிட்டு, பாரிசில் சினிமா படித்துத் திரும்பினார். திரும்பி வந்தால் உள்ளே நுழைய வழியில்லை. 1945இல் உருவான சினிமாத் தொழிலாளர் சங்கத்தில் இயக்குநர் பிரிவு ஏறத்தாழ இருபது வருசம் புது ஆட்களுக்குக் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. சங்கத்துக்கு வெளியே எடுத்த படம் தியேட்டருக்குப் போய்ச் சேருவது பெரும்பாடு. தொழிலாளர் சங்கம் என்று பெயர். உள்ளே இருப்பவன் வாசலை அடைத்துக்கொள்ளும் விதம் நமக்குப் பழக்கமானதுதான். 1965இல் அந்தச் சங்கமே பரிசோதனைப் படங்களுக்கு ஒரு போட்டி வைத்தது. அந்த அளவுக்கு அந்தச் சினிமா மூச்சு முட்டிப் போயிருந்தது. அதில் ருபேன் காமெஸ் எடுத்த 'இரகசியச் சூத்திரம்' முதல் பரிசு வாங்கியது. கதவு கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான்.

1968இல் மாணவர் போராட்டம். அக்டோபர் 2ஆம் தேதி த்லாதெலோல்கோ சதுக்கத்தில் கூடியிருந்தவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். அந்த மாதங்களில் லெதுக்கும் அவர் நண்பர்களும் மாணவர்களின் வேலைநிறுத்தக் குழுவுக்காகச் சின்னச் சின்ன அறிக்கைப் படங்கள் எடுத்துக் கொடுத்தார்கள். அவருடைய பள்ளிக்கூடம் பாரிசில் இல்லை, இங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

பிறகு 1970இல் 'ரீட்: கிளர்ந்தெழும் மெக்சிகோ'. சங்கத்துக்கு வெளியே, 16 மி.மீ. சுருளில், சொற்பப் பணத்தில் எடுத்தது. மெக்சிகோப் புரட்சியைப் பார்த்து எழுத வந்த அமெரிக்கப் பத்திரிகைக்காரர் ஜான் ரீட்டைப் பற்றிய படம். ரீட் வெளியாளாகத்தான் வருகிறார். குறிப்பெடுக்கிறார், கேள்வி கேட்கிறார், பயப்படுகிறார். நாம யாரு இதுல என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் ஒரு கடையின் கண்ணாடியை உடைத்து உள்ளேயிருக்கும் காமிராவை எடுக்கிறார். படம் அங்கே நின்றுவிடுகிறது. பார்வையாளனாக இருந்தவன் பங்காளியாகிறான். அதற்கு அவன் கை நீள்வது துப்பாக்கிக்கு இல்லை, காமிராவுக்கு. லெதுக் தன்னைப் பற்றியே எழுதிய வாக்குமூலமாக அந்தக் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். நடுநிலை என்று ஒன்று கிடையாது, கண்ணாடியை உடைத்துத்தான் ஆக வேண்டும் என்கிறார். சரி. உடைத்து எடுத்த காமிரா அப்புறம் யார் கையில் இருந்தது? என்னுடைய சிக்கல் அங்கேதான் ஆரம்பமாகிறது.

1977இல் வந்தது 'இன அழிப்பு: மெஸ்கிதால் பற்றிய குறிப்புகள்'. மெஸ்கிதால் என்பது ஹிடால்கோ மாநிலத்தில் இருக்கும் வறண்ட பள்ளத்தாக்கு. ஒத்தோமி என்ற பூர்வகுடி மக்கள் வாழும் இடம். மெக்சிகோ நகரம் கழிக்கும் சாக்கடைத் தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்குக்குத்தான் வந்து வயல்களில் பாய்கிறது. நகரத்தின் மலத்தில் பயிர் வளர்த்து நகரத்துக்கே அனுப்ப வேண்டும். இதை நமக்கு விளக்க வேண்டிய அவசியமில்லை.

சமூகவியலாளர் ரோஜர் பார்த்ராவோடு சேர்ந்து லெதுக் இந்தப் படத்தை எடுத்தார். பணம் மெக்சிகோவின் கல்வி அமைச்சகத்துடையது, கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துடையது. படம் அகரவரிசையில் போகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல், ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அத்தியாயம். அரிச்சுவடி கற்றுக்கொடுக்கிற அரசாங்கத்தின் காசை வாங்கி, அந்த அரசாங்கத்துக்கே அரிச்சுவடி எழுதிக் காட்டினார். நிலம் போன கதையை, கூலியை, ஊரைவிட்டுப் போனதை ஒத்தோமி மக்கள் காமிராவைப் பார்த்துச் சொல்கிறார்கள். காசு கொடுத்தவன் முகத்திலேயே உண்மையைச் சொல்ல முடியும் என்பதற்கு இந்தப் படம் சாட்சி. அதனால், யாருடைய பணம் என்பதை மட்டும் வைத்துச் சுயேச்சையை அளக்க முடியாது என்று தோன்றுகிறது.

ஆனால் அந்த அரிச்சுவடியின் சொற்களைத் தேர்ந்தெடுத்தது யார்? எந்த எழுத்துக்கு எந்தச் சொல் என்று தீர்மானித்தது இயக்குநரும் சமூகவியலாளரும். பேசியது ஒத்தோமிகள். வெட்டி ஒட்டும் மேசையில் உட்கார்ந்தவர்கள் வேறு.

இதைப் படிக்கிற சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். 'பிறப்பு பார்த்தா கலையை அளக்கிறது?' என்பார்கள். பிறப்பைப் பார்க்கவில்லை. நான் ஒரு குடத்தை நினைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். எனக்குப் பத்து, பதினோரு வயசிருக்கும்போது எங்க காலனிக்குக் காமிராவோடு நாலு பேர் வந்தார்கள். நல்ல மனுசங்க. எங்கள் தண்ணீர்க் கஷ்டத்தைப் படம் பிடிக்க வந்தவர்கள். எங்க ஆயா தூரத்துக் கிணற்றிலிருந்து குடம் தூக்கிக்கொண்டு வந்தது. வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தடவை நடந்து வாங்கம்மா என்றார்கள். குடத்தில் தண்ணி தளும்ப வேண்டுமாம். பாதி வழியில் சிந்தியிருந்தது. திரும்பக் கிணற்றுக்குப் போய் மொண்டுக்கிட்டு வந்தது ஆயா. மூன்று தடவை. யாரும் அதட்டவில்லை. ஆனால் முடியாது என்று சொல்லலாம் என்பதே ஆயாவுக்குத் தெரியாது. படம் வந்ததா, எங்கே காட்டினார்கள், ஒன்றும் எங்களுக்குத் தெரியவில்லை. ரொம்ப நாள் ஆயா கேட்டுக்கொண்டிருந்தது: "நம்மள எடுத்துக்கிட்டுப் போனாங்களே, எங்கடா கொண்டுபோய் வச்சிருக்காங்க?"

வந்தவர்கள் சொன்னது பொய்யில்லை. தண்ணீர்க் கஷ்டம் நிஜம்தான். அந்த நிஜத்தை மூன்று தடவை சுமந்தது யார் என்பது படத்தில் தெரியாது.

லெதுக்குக்கு வருகிறேன். 1980இல் எல் சல்வதோர் மக்கள் போராட்டத்தைப் படமாக்கினார். 1983இல் ஓவியர் ஃப்ரீடா காலோவைப் பற்றி, பேச்சே அதிகம் இல்லாத படம்; உலகம் முழுக்க அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 'பரோக்' 1989, 'லத்தினோ பார்' 1991, பனாமாமீது 1989இல் நடந்த அமெரிக்கப் படையெடுப்பை வைத்து 'டாலர் மாம்போ' 1993. பேச்சைக் குறைத்துக்கொண்டே போய், பாட்டையும் உடம்பையும் வைத்துக் கதை சொன்னார். பெரிய சினிமாவை டைனோசருக்கும் சின்ன சினிமாவைப் பல்லிக்கும் ஒப்பிட்டவர் அவர். டைனோசர் அழிந்துபோனது, பல்லி சுவரில் இருக்கிறது.

ஆனால் பல்லிக்கும் சுவர் வேண்டும். 1992இல் வந்த புதுச் சினிமாச் சட்டம், தியேட்டர்களில் உள்நாட்டுப் படங்களுக்கு இருந்த 50 சதவீத இடத்தைப் படிப்படியாகக் குறைத்து 1997இல் 10 சதவீதமாக்க வழி செய்தது. 1993இல் அரசுத் தியேட்டர்களைத் தனியாருக்கு விற்றார்கள். 1994 ஜனவரி 1ஆம் தேதி வட அமெரிக்க வணிக ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. அன்றைக்கே சியாப்பாசில் ஜப்பதிஸ்தாக்கள் எழுந்தார்கள். 'டாலர் மாம்போ'வுக்குப் பிறகு லெதுக்கின் அடுத்த முழுநீளப் படம் 2006இல்தான் வந்தது. பதின்மூன்று வருச மௌனம். 2016இல் வாழ்நாள் சாதனைக்காகத் தங்க ஏரியல் விருது கொடுத்தார்கள். 2020இல் இறந்துபோனார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தப் பதின்மூன்று வருசத்தை மறக்காமல் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான், ஒரு கலைஞனின் வாயைச் சந்தை அடைத்த கணக்கு அது.

இப்போது இன்னொரு கணக்கு. 1985இல் ஒஹாகா மாநிலத்தின் கடலோர ஊரான சான் மாத்தேயோ தெல் மாரில், பூர்வகுடிகளுக்கான அரசு நிறுவனம் ஒரு சினிமாப் பட்டறை நடத்தியது. லூயிஸ் லுப்போனே என்ற இயக்குநர் சொல்லிக்கொடுத்தார். கற்றுக்கொண்டவர்கள் இக்கூட்ஸ் என்ற மீனவ இனத்தின் நெசவுக்காரப் பெண்கள். சூப்பர் 8 காமிரா. அவர்களில் தெயோஃபிலா பாலாஃபாக்ஸ் என்பவர் தன் ஊரின் ஒரு குடும்பத்தினுடைய அன்றாடத்தைத் தன் மொழியில் தலைப்பு வைத்துப் படமாக்கினார். கடல், மீன், தறி, வீடு. இங்கேயும் அரசாங்கக் காசுதான். 'இன அழிப்பு' படத்துக்கும் இதற்கும் பணத்தில் வித்தியாசமில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே ஒரு பெண் குடம் தூக்கிக்கொண்டு வந்தால், இன்னொரு தடவை நடக்கச் சொல்வதா வேண்டாமா என்பதை அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரிதான் முடிவு செய்வாள். நாளைக்கும் அதே தெருவில் அவள் முகத்தில் விழிக்க வேண்டியவள்.

அவள் கையில் இருந்தால் தப்பே நடக்காது என்று நான் சொல்லவில்லை. நம்மவரும் நம்மை விற்பார்கள், அதுவும் பார்த்திருக்கிறோம். ஆனால் தப்பு நடந்தால் வாசலில் போய் நின்று கேட்கலாம். எங்க ஆயா யார் வாசலில் போய்க் கேட்கும்?

லெதுக்கைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அவர் உடைத்த கண்ணாடி நிஜமான கண்ணாடி. சாத்திய கதவுக்கு வெளியே நின்று படம் எடுக்கலாம் என்று காட்டியவர். ஆனால் அவர் பாதை என்று சொல்ல ஒரு பாதை இருந்தது. பாரிஸ் இருந்தது, நண்பர்கள் இருந்தார்கள், விருது இருந்தது. பாதை இருந்ததால்தான் அவர் நின்றுபோன இடமும் தெரிகிறது. அவர் எடுக்காத படங்களை உலகம் எண்ணி வைத்திருக்கிறது. பாலாஃபாக்ஸ் சூப்பர் 8 காமிராவைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அந்தக் கடற்கரையில் எத்தனை பெண்கள் எத்தனை படங்களை எடுக்காமலே செத்துப்போனார்கள், அதை யார் எண்ணியது? அந்த மௌனத்துக்கு ஆரம்ப வருசமும் கிடையாது, முடிந்த வருசமும் கிடையாது.

'எனக்குச் சுதந்திரம் வேண்டும்' என்று கேட்கிற கலைஞனிடம் நான் இனி ஒன்றுதான் கேட்பேன். உன் காமிராவுக்கு முன்னால் நிற்கிறவள், 'போதும்பா, நிறுத்து' என்று சொன்னால் நிறுத்துவாயா? நிறுத்தலாம் என்பதை எடுக்கிறதுக்கு முன்னாடியே அவளிடம் சொன்னாயா?

ஆயாவிடம் யாரும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை கொண்டுவந்த தண்ணியைத்தான் அன்றைக்கு நாங்கள் சோறாக்கினோம்.