எண்ணாமல் விட்ட ஆறாவது ஆள்

அறிவைப் பார்த்துச் சிரிக்கலாமா? வார இதழைக் கையில் எடுப்போரில் பலர் தலையங்கத்தைப் புரட்டுவதற்கு முன்பே கேலிச்சித்திரத்தைத் தேடுகின்றனர். அரசியல்வாதியை நகையாடும் படங்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். புலவரையும் அறிவியலாளரையும் நகையாடும் படங்களைப் பற்றி அவ்வளவாகச் சிந்தித்ததில்லை. அரசியல்வாதி பதவியைத் தேடிச் சென்றவர். கேலியும் அப்பதவியோடு சேர்ந்தே வருவது. புலவரும் ஆய்வாளருமோ அழகையும் உண்மையையும் தேடிச் சென்றவர்கள். அவர்களைக் கண்டு நகைப்பது எந்த அறத்துள் அடங்கும் என்பது எளிதில் விடை கூறக்கூடிய வினா அன்று.

நம் இலக்கண மரபு நகைப்பை இழிவாகக் கருதவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வகுக்கும்போது நகையையே முதலில் வைக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகை பிறக்கும் இடங்கள் என்கிறது. இவற்றுள் எள்ளலை விளக்கும் உரை மரபு ஒரு நுட்பத்தைக் காட்டுகிறது. தான் பிறரை எள்ளிச் சிரிப்பது மட்டுமன்றி, பிறர் தன்னை எள்ளும்போது தானும் சிரிப்பது அதன் மற்றொரு வகையாம். சிரிப்பவன் எப்போதும் வெளியே நிற்க வேண்டும் என்று நம் முன்னோர் விதிக்கவில்லை.

மேலை மரபிலும் இக்கருத்துக்கு இடமுண்டு. கோமாளித்தனம் ஒருபுறம், சிரிக்கவே அறியாத முரட்டுத்தனம் மறுபுறம். இவற்றின் நடுவே நிற்கும் இனிய நகையாடலை நற்பண்புகளுள் ஒன்றாக அரிஸ்டாட்டில் எண்ணினார். 13ஆம் நூற்றாண்டில் புனித அக்குவினா தோமையார் அதை ஏற்று விரிவாக்கினார். ஓயாமல் நாணேற்றி வைத்த வில் முறிந்துபோவதுபோல ஓய்வறியாத உள்ளமும் முறிந்துபோகும் என்னும் பழைய உவமையை அவர் எடுத்தாள்கிறார். தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சியையும் கெடுப்பவரைக் குற்றமுடையவர் என்றே கூறுகிறார். ஆகவே சிரிக்கலாமா என்ற கேள்வி பழைய காலத்திலேயே தீர்ந்துவிட்டது. எப்படிச் சிரிப்பது என்பதே எஞ்சி நிற்கிறது.

அதற்கு வீரமாமுனிவரின் பரமார்த்த குருவிடம் செல்வோம். தேம்பாவணி பாடியவரும் சதுரகராதி தொகுத்தவருமான அப்பெரும்புலவரே, குருவையும் அவருடைய ஐந்து சீடரையும் வைத்து ஒரு நகைச்சுவைக் கதையையும் எழுதினார். அது 1822இல் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சேறியது. சொல்லுக்குப் பொருள் தேடி அகராதி தொகுத்த கைதான் படித்தவரென்று பெயர் எடுத்தவரின் பேதைமையையும் எழுதியது.

அக்கதையில் ஆற்றங்கரைக் காட்சியைக் கூர்ந்து பாருங்கள். ஆறு விழித்திருக்கும்போது இறங்கினால் ஆபத்து என்று குரு அஞ்சுகிறார். சீடன் ஒருவன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துச் சோதிக்கிறான். சுர்ரென்று ஒலி எழுகிறது, புகை கிளம்புகிறது. ஆறு விழித்திருக்கிறது என்று முடிவாகிறது. பிறகு அணைந்துபோன அதே கட்டையைக் கொண்டு மீண்டும் சோதிக்கிறான். ஒலியில்லை. ஆறு உறங்கிவிட்டது! கருதுகோள் இருக்கிறது, சோதனை இருக்கிறது, கூர்ந்து நோக்கல் இருக்கிறது, முடிவும் இருக்கிறது. அறிவியலின் உறுப்புகள் யாவும் இருக்க, அதன் உயிர் மட்டும் இல்லை. இருமுறைச் சோதனையிலும் மாறியது ஆறன்று, தன் கையிலிருந்த கட்டையே என்று அவன் எண்ணிப் பார்க்கவில்லை. ஆய்வுக்கூடங்களைப் பற்றி இன்று வரையப்படும் கேலிச்சித்திரங்களில் பல, இந்தச் சீடனின் வழித்தோன்றல்களே.

அடுத்து நடப்பது இன்னும் ஆழமானது. கரையேறியபின் ஆட்களை எண்ணுகிறார்கள். எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஆறு பேர் ஐவராகிறார்கள். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென்று அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி வைத்து எண்ணிக்காட்டி, அதற்குக் கூலியும் பெறுகிறான். நல்ல கேலிச்சித்திரம் செய்வது அந்த வழிப்போக்கனின் வேலையைத்தான். அது நம் முதுகில் வலிக்காதவாறு ஓர் அடி வைத்து, நீயும் இந்தக் கணக்கில் உண்டு என்று நினைவூட்டுகிறது.

தமிழ் இதழியல் இந்த வேலையை நூறாண்டுக்கு மேலாகச் செய்து வருகிறது. 1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதியார் கருத்துப்படத்துக்குத் தனி இடம் கொடுத்தார். 1928இல் எஸ்.எஸ்.வாசன் பொறுப்பேற்ற ஆனந்த விகடனில் மாலியும், பின்னர் கோபுலுவும் சிரிப்புச் சித்திரத்தை நம் இல்லங்களுக்குள் கொண்டுவந்தனர். அவ்வழியில் வளர்ந்ததே அரசவைப் புலவர் நகைச்சுவை. போருக்கு அஞ்சும் மன்னர். அவரை வேங்கை என்று பாடும் புலவர். பாட்டு முடியுமுன் பொற்கிழியை நோட்டமிடும் அவர் கண்கள். இதழ்க் கேலிச்சித்திரக்காரராக இருந்த சிம்புதேவன் இயக்கி 2006இல் வந்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' அந்த மரபைத் திரைக்குக் கொண்டுசென்றது. இந்தப் படங்களைப் பார்த்துச் சிரிக்கும்போது சங்கப் பாட்டு சிறுமைப்படுவதில்லை. விற்கப்பட்ட சொல்லே சிறுமைப்படுகிறது. பாட்டின் மேல் மதிப்புள்ளவனுக்கே விலைபோன பாட்டு நகைப்பைத் தரும்.

அறிவியலிலும் இதுவே உண்மை. அமெரிக்க ஓவியர் சிட்னி ஹாரிஸ் வரைந்த படம் ஒன்று உலகெங்கும் ஆய்வாளர்களின் அறைச் சுவர்களில் ஒட்டப்பட்டது. கரும்பலகையின் இரு பக்கமும் சமன்பாடுகள். நடுவில், இங்கே ஓர் அற்புதம் நிகழ்கிறது என்று ஒரு வரி. அந்த இரண்டாம் படியைச் சற்று விளக்கலாமே என்கிறார் உடனிருக்கும் மூத்தவர். ஒட்டி வைத்தவர்கள் ஆய்வாளர்களே என்பதைக் கருதுங்கள். தம் கணக்கிலும் அப்படியொரு வரி ஒளிந்திருக்கலாம் என்று அவர்கள் அறிவார்கள். இலக்கியத்தைப் பற்றி 'தி கார்டியன்' நாளிதழிலும் அறிவியலைப் பற்றி 'நியூ சயின்டிஸ்ட்' இதழிலும் வரைந்த ஸ்காட்லாந்து ஓவியர் டாம் கால்டின் படங்களும் இவ்வகையின. எழுத முடியாமல் தவிக்கும் எழுத்தாளரும் அவருடைய பாத்திரங்களாவர். தம் கொள்கையின் மேல் காதல் கொண்ட அறிஞரும் அப்படியே.

கேரி லார்சன் என்னும் அமெரிக்க ஓவியர் 1982இல் வரைந்த படத்தில் குகைவாழ் மனிதர் ஒருவர், தொன்மாக்களுள் ஒன்றான ஸ்டெகோசாரசின் வால்முட்களுக்குப் பெயர் சூட்டுகிறார். அம்முட்களால் இறந்துபோன தாக் என்பவரின் நினைவாக அவை 'தாகோமைசர்' ஆகின்றன. அந்த உறுப்புக்கு அறிவியலில் தனிப்பெயர் இருந்ததில்லை. 1993இல் தொல்லுயிர் அறிஞர் கென் கார்ப்பென்டர் அவ்வேடிக்கைப் பெயரையே வழங்க, அது நிலைத்துவிட்டது. 1987இல் லார்சன், சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடாலைப் பற்றி ஒரு குறும்புப் படம் வரைந்தார். குடாலின் நிறுவனத்தார் சினந்து வழக்கறிஞர் வழியே கடிதம் எழுதினர். ஆப்பிரிக்காவிலிருந்த குடாலோ அதைக் கண்டு சிரித்தார்; பிற்காலத்தில் லார்சனின் தொகுப்பு ஒன்றுக்கு முன்னுரையும் எழுதினார். 2025இல் மறைந்த அப்பெருமாட்டியிடம் உரையாசிரியர் சொன்ன இரண்டாம் வகை நகை இருந்தது.

இதுவரை கூறியவை யாவும் நகைப்பின் பக்கமே பேசுகின்றன. எதிர்ப்பக்கமும் உண்டு. 1796இல் எட்வர்டு ஜென்னர் பசு அம்மைப்பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கும் வழியைக் காட்டினார். 1802இல் ஜேம்ஸ் கில்ரே இலண்டனில் ஒரு படம் வெளியிட்டார். அம்மை குத்திக்கொண்டவர்களின் மூக்கிலும் கையிலும் வாயிலும் சிறு பசுக்கள் முளைத்து வெளிவருகின்றன. அது குத்தியவரை எள்ளியதா, குத்திக்கொள்ள அஞ்சியவரை எள்ளியதா என்று இருவகையாகவும் படிக்கலாம். ஆனால் அச்சம் கொண்ட ஒருவர் அதில் தம் அச்சத்துக்கு உருவம் கண்டிருப்பார். அந்தப் பசுக்களைப் பொருட்படுத்தாமல் கையை நீட்டிய கோடிக்கணக்கானவர்களால்தான், 1899இல் நிறுவப்பட்ட கிண்டி கிங் நிலையம் போன்ற இடங்களில் பணியாற்றியவர்களின் உழைப்பால்தான், 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்ததென அறிவிக்க முடிந்தது. படம் காரணம் சொல்வதில்லை; மறுப்புக்கு இடம் விடுவதுமில்லை. அதன் வலிமையும் ஆபத்தும் ஒன்றே.

அப்படியானால் நல்ல நகைப்பை எப்படி அறிவது? வலியவரை எள்ளலாம், எளியவரை எள்ளலாகாது என்பது பலர் கூறும் விதி. அது பெரும்பாலும் சரியே, எனினும் போதாது. தவறான நகைப்புக்கு வலியவரும் இலக்காகலாம். சரியான நகைப்பில் எளியவரும் பங்குகொள்ளலாம். ஆகவே இரண்டு கேள்விகளை முன்வைக்கலாம். சிரிப்பவர் எதைப் பார்த்துச் சிரிக்கிறாரோ அதை அறிந்திருக்கிறாரா? அந்தக் கணக்கில் தம்மையும் சேர்த்துக்கொண்டாரா?

இவ்விரண்டு கேள்விகளும் எண்ணூர்க் கரையில் ஒருமுறை கடுமையாக எழுந்தன. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே, எரிவாயுவை இறக்கிவிட்டுத் திரும்பிய 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்ற கப்பலும், பெட்ரோலியப் பொருள்களை ஏற்றிவந்த 'டான் காஞ்சிபுரம்' என்ற கப்பலும் மோதிக்கொண்டன. கப்பலின் எரி எண்ணெய் கசிந்து, எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையின் கற்களிடையே கரிய குழம்பாகத் தேங்கியது. மீனவரும் மாணவரும் தன்னார்வலரும் கடலோரக் காவல் படையினரும் வாளிகளில் அதை அள்ளினர். அந்த வாளி நாடெங்கும் நகைப்புக்கு இலக்காயிற்று. செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பிய நாடு கடலை வாளியால் கழுவுகிறது என்பதே அந்த நகைப்பின் சாரம்.

முதற் கேள்வியைக் கேட்போம். சிரித்தவர்கள் வாளியை அறிந்திருந்தார்களா? கனமான எரி எண்ணெய் கடல்நீரோடு கலந்து அலையில் கடையப்படும்போது தயிர்போல் தடித்துவிடுகிறது. குப்பையும் சேர்ந்தால் உறிஞ்சுகுழாய் அடைத்துக்கொள்கிறது. அலைதடுப்புப் பாறைகளின் இடுக்குகளில் இயந்திரம் நுழைவதும் கடினம். அத்தகைய கரைகளில் கையால் அள்ளுவது உலகெங்கும் பின்பற்றப்படும் முறைகளுள் ஒன்று. ஆகவே வாளி அறிவியலுக்குப் புறம்பானதன்று. நகைப்புக்கும் சினத்துக்கும் உரியவை வேறு இருந்தன. பாதுகாப்புக் கையுறையும் காலுறையும் போதிய அளவில் இல்லாமல் பலர் அந்த நஞ்சில் இறங்க நேர்ந்தது. கடல்மேல் எண்ணெய் பரவாமல் தடுக்கும் மிதவைகள் காலத்தில் சூழவில்லை. நகை குறி தவறி, அள்ளிய கையின் மேல் விழுந்தது; அந்தக் கையை வெறுங்கையாக விட்ட ஆயத்தமின்மை அதன் மறைவில் தப்பிக்கொண்டது.

இரண்டாம் கேள்வி இன்னும் அருகே வருகிறது. அந்தக் கப்பல்கள் யாருக்காக வந்தன? எரிவாயு நம் அடுப்புக்கு. பெட்ரோலியம் நம் ஊர்திக்கு. 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தின் மின்சாரத்தில் நகரின் எத்தனையோ வீடுகளில் விளக்கெரிந்தது. சிரிப்புப் பக்கங்களையும் அவ்வொளியில் படித்தோம். அனல்மின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து இறாலும் நண்டும் அருகிப்போயின என்று இவ்வூர் மீனவர் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். குற்றவாளிகளை விரல்விட்டு எண்ணும்போது கப்பல் தலைவர், அதிகாரி, ஆலை, அரசு, முதலாளி என்று ஐந்து விரலும் முடிந்துவிடுகின்றன. எண்ணியவன் ஆறாவது ஆள். அவனை ஆறு விழுங்கிவிடவில்லை; கரையில்தான் நிற்கிறான்.

இதைக் கேட்டு ஒருவர் மறுக்கலாம். எல்லாருக்கும் பங்குண்டு என்று கூறினால் பெரிய குற்றவாளி சிறியவரோடு கலந்து தப்பிவிடுவானே என்பார். நியாயமான மறுப்பு. தன்னை எண்ணிக்கொள்வது என்றால் எல்லாப் பங்கும் சமம் என்று பொருளாகாது. பரமார்த்த குருவின் கூட்டத்தில் ஆறு பேரையும் எண்ணிய பிறகும் குரு குருவே, சீடன் சீடனே. கணக்கு முழுமையான பின்னரே யார் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியும். பாதிக் கணக்கோடு கேட்கும் நீதி பாதியிலேயே நின்றுவிடும். பத்து நாள் சிரித்துவிட்டுப் பதினோராம் நாள் மறந்துவிடும். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் மீண்டும் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, முந்தைய சிரிப்பு எதையும் காத்திருக்கவில்லை என்று கண்டோம்.

எனவே ஓவியர்கள் இன்னும் நிறைய வரையட்டும். ஆய்வாளரின் கரும்பலகையையும் புலவரின் பொற்கிழியையும் நம் இதழ்களின் கட்டுரைகளையும்கூட அவர்கள் விட்டுவைக்க வேண்டாம். அப்படங்களில் ஒன்று எண்ணூர்க் கரையைக் காட்டட்டும். பாறைமேல் ஒருவர் வாளியோடு குனிந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் பெட்ரோல் நிலையத்தில் நீண்ட வரிசை. வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் கையிலுள்ள இதழில் அதே வாளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்து நம்மால் சிரிக்க முடியுமானால், அடுத்த முறை அள்ளுபவருக்கு ஒரு கையுறையாவது முன்கூட்டியே கேட்டு வாங்கி வைப்போம்.