கவலையா குற்றவாளி?

ஜவ்வாது மலையில் சாமை விளைவித்து வாழும் ஓர் ஏழைக் குடும்பத்தில் புற்றுநோய் நுழைந்தால், கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக மலையை விட்டு இறங்கியே ஆகவேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் நிறுவிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ செல்லவேண்டும். நோயின் வேதனையோடு வழிச்செலவும் கூலியிழப்பும் சேர்ந்துகொள்ளும். அத்தகையவரைக் காணச் செல்லும் நாம், "கவலைப்படாதீர்கள், கவலைதான் நோயை வளர்க்கிறது" என்கிறோம். இது ஆறுதலா, குற்றச்சாட்டா?

நரம்புகளுக்கும் நோய் எதிர்ப்பாற்றலுக்கும் தொடர்பு இருப்பது உண்மையே. 1975இல் அமெரிக்க அறிஞர்களான ராபர்ட் ஏடரும் நிக்கலஸ் கோஹனும் எலிகளுக்கு இனிப்பு நீரோடு, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தையும் கொடுத்துப் பழக்கினர். பின்னர் இனிப்பு நீரை மட்டும் கொடுத்தபோதும் அவற்றின் எதிர்ப்பாற்றல் குறைந்தது. மண்ணீரலுக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் நரம்பிழைகள் செல்வதையும் அறிவியல் கண்டறிந்துள்ளது. 2022இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் வியப்பூட்டுவது. தோல் புற்றுநோய் கண்ட சுண்டெலிகளில், வலியை உணர்த்தும் நரம்புகள் சுரந்த ஒரு பொருள், புற்றணுக்களை எதிர்க்கும் வெள்ளணுக்களைச் சோர்வுறச் செய்தது. அந்நரம்புகளை நீக்கியபோது கட்டியின் வளர்ச்சி தளர்ந்தது.

ஆயினும் சுண்டெலியிடம் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்துவது முறையன்று. கவலையே புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மேலும், நரம்பு நம் இசைவைக் கேட்டு இயங்குவதில்லை. அதன் செயலுக்கு நோயாளியின் மனவுறுதியையோ விசுவாசத்தையோ பொறுப்பாக்குவது எவ்வகை நீதி? துயருற்ற யோபுவிடம் குற்றம் தேடிய நண்பர்களை இறைவன் கடிந்துகொண்டார் என்பதை நாம் மறக்கலாகாது.

அப்படியானால் இந்த அறிவு யாரைக் கட்டுப்படுத்துகிறது? நோயாளியை அன்று, அவரைச் சூழ்ந்திருக்கும் நம்மையே. வலி, உள்ளத்தை மட்டும் வாட்டிவிட்டு நிற்பதில்லை. உடலெங்கும் அதன் செய்தி பரவுகிறது. எனவே வலியைத் தணிப்பது சிகிச்சைக்குப் பின் செய்யும் சில்லறை உதவியன்று. மருந்தின்றி வலியைத் தாங்குவதே பக்தி என எண்ணுவோர் நம்மிடையே உண்டு. ஆனால் தாங்கொணா வலிக்கு மயக்க மருந்துகளைப் பயன்படுத்துவது அறநெறிக்கு உட்பட்டதே எனத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இலேயே தெளிவுபடுத்தினார். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் நம் நாட்டில் நோயாளிகளுக்கு அரிதாகிப்போன மார்ஃபின், 2014ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் எளிதாகக் கிடைக்க வழி திறந்தது. திறந்த வழியை மலைச் சிற்றூர்வரை கொண்டு செல்வது யார் கடமை?

வலி தணிவதால் கட்டி ஓர் அணுவும் சுருங்காமல் போகலாம். அதனால் நம் கடமை குறைந்துவிடாது. ஆகவே, அடுத்த முறை நோயாளியின் அருகே அமரும்போது, "கவலைப்படாதீர்கள்" என்று தொடங்க வேண்டாம். "வலி எப்படி இருக்கிறது? மருந்து கிடைத்ததா? வேலூருக்கு உடன் வர ஆள் உண்டா?" என்று கேட்போம். ஆள் இல்லையெனில் நாமே உடன் செல்வோம்.