விளையாட வந்தியா, கும்பிட வந்தியா?

இது என் மாமியார் கேட்ட கேள்வி. வருடம் 1986. மாமனாருக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போயிருந்தோம். பாம்பன் சாலைப்பாலம் திறக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ரயிலை விட்டால் வேறு வழி கிடையாது. அக்கினி தீர்த்தத்தில் ஒரு முழுக்குப் போட்டு எழுந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அலை இல்லாமல் குளம் மாதிரி கிடந்தது கடல். தண்ணீரும் வெதுவெதுப்பு. திருவையாற்றில் மார்கழி விடியலில் பல் கிட்டிக்க ஆற்றில் குளித்து வளர்ந்தவள் நான். எழுந்திருக்க மனசில்லாமல் கழுத்தளவு நீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கரையில் சாஸ்திரிகள் எள்ளும் தர்ப்பையுமாகக் காத்திருந்தார். மாமியார் கரையிலிருந்தே கேட்டார்: "ஏண்டி, விளையாட வந்தியா, கும்பிட வந்தியா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அதன்பின் முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தினேன், தேவாரம் உட்பட. அப்போதும் தெரியவில்லை.

போன பிப்ரவரியில் மியூனிக்கிலிருந்து மகள் வந்தாள், மாப்பிள்ளையும் ஐந்து வயதுப் பேத்தியுமாக. அங்கே பனி, இவர்களுக்குச் சூடான கடல் வேண்டும். "வெறும் மணலா இருக்கக் கூடாதும்மா, பார்க்க ஏதாவது இருக்கணும்" என்றாள். மாப்பிள்ளை கோவா என்றார். நான் ராமேஸ்வரம் என்றேன். அவர் மரியாதை குறையாமல்தான் சொன்னார்: "அத்தை, லீவுன்னா லீவு, யாத்திரைன்னா யாத்திரை. ரெண்டையும் கலந்தா ரெண்டும் கெட்டுப்போகும்."

பக்தியே இல்லாதவரும் பக்தியே உருவான என் மாமியாரும் ஒரே கட்சி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோவாவிலும் கடற்கரைக்கென்று போகிறவர்கள் பாதிப்பேர் பழைய கோவாவுக்குப் போய்ச் சவேரியார் உடல் இருக்கும் பேராலயத்தில் நிற்கத்தானே செய்கிறார்கள் என்றேன். நம் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வேலை செய்தவர் அவர். மாப்பிள்ளை சிரித்தார். நடுவில் மகள் தரங்கம்பாடியைச் சொல்ல, ஒரு நாள் போய்வந்தோம். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை நன்றாக நிற்கிறது. பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் என்றோ கொண்டுபோய்விட்டது. அங்கே அலை முரடு, குழந்தையை இறக்க முடியாது. அந்த ஒரு காரணத்தால் என் கட்சி ஜெயித்தது. தத்துவத்தால் ஜெயித்ததாகப் பெருமை பேசமாட்டேன்.

பட்டுக்கோட்டை வந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் தொண்டி, தேவிப்பட்டினம் என்று கடலை ஒட்டியே போகலாம். வழியெல்லாம் என் மனசில் ஓடியது அப்பர் சுவாமிகள்தான். கங்கை, காவிரி, குமரித்துறை, கடல் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, ஈசனை எங்கும் காணத் தெரியாதவனுக்கு இவற்றில் முழுகி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று பாடியவர் அவர். வகுப்பில் அந்தப் பாட்டை நடத்தும்போது ஒரு வருடம் ஒரு பையன் எழுந்து, "அப்புறம் அவர் ஏன் டீச்சர் ஊர் ஊராப் போனார்?" என்று கேட்டான். உட்காரச் சொல்லிவிட்டேன். நியாயமான கேள்வி. ராமேஸ்வரத்துக்கும் வந்து பதிகம் பாடியிருக்கிறார் மனிதர்.

என் ஊர்க்கதையே அந்தப் பையனுக்குப் பதிலாக இருந்திருக்கும். கயிலையைப் பார்த்தே தீர்வதென்று வடக்கே நடந்தார் அப்பர். கால் தேய்ந்தது, கையை ஊன்றிப் போனார், பிறகு உடம்பால் புரண்டார். ஈசன் முனிவர் வடிவில் வந்து, இந்த உடம்போடு முடியாது, இந்தக் குளத்தில் முழுகு என்றார். முழுகியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். அங்கே அவர் கண்ணில் பட்டவை யானை ஜோடி, சேவலும் பெட்டையும், குயில், மயில். எந்த ஊரிலும் இருக்கிறவைதான். அவையே சிவமும் சக்தியுமாகத் தெரிந்தன. ஆடி அமாவாசைக்கு எங்கள் ஊரில் இன்றும் கயிலைக் காட்சி நடக்கிறது; சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ராமேஸ்வரத்துக் கதையும் கிட்டத்தட்ட இதுவே. பூசைக்கு லிங்கம் கொண்டுவர அனுமன் கயிலைக்குப் போனார், நேரமாகிவிட்டது. சீதை கடற்கரை மணலைக் குவித்து லிங்கம் பிடித்தாள். அதுதான் ராமநாதர். தாமதமாக வந்த அனுமனுக்குக் கோபம்; மணல் லிங்கத்தை வாலால் கட்டி இழுத்தும் அசையவில்லை. அவர் கொண்டுவந்த விசுவலிங்கத்துக்கே முதல் பூசை என்று ராமர் சமாதானம் செய்தார். இன்றும் அதுதான் முறை.

இரண்டு கதையிலும் கயிலை தேவைப்படவில்லை. காலடியில் கிடந்த குளமும் மணலும் போதுமாக இருந்தன. ஆனால் இரண்டிலும் யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. அப்பர் தேயாமல் அந்தக் குளம் வந்திருக்காது. அனுமன் போய்வந்ததும் வீண் இல்லை, முதல் பூசை அவர் கொண்டுவந்த கல்லுக்குத்தான். சின்னப் பெண்கள் சோறு பொங்கி விளையாடும் மணலில் பிடித்ததற்குச் சாமி எழுந்தருளினார் என்றால், விளையாட்டு எங்கே முடிந்து கும்பிடுவது எங்கே தொடங்கியதென்று கோடு கிழிக்க நான் யார்?

விடிகாலையில் அக்கினி தீர்த்தத்தில் இறங்கினோம். பேத்தி தண்ணீரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "பாட்டி, கடலுக்கு ஹீட்டர் போட்டிருக்காங்களா?" என்றாள். சீதையைத் தீண்டிய தோஷம் தீர அக்கினி குளித்த இடமாம் என்றேன். அவளுக்கு அது போதுமான காரணமாக இருந்தது. பொதுவாகக் கடலில் முழுக நாள் பார்ப்பது வழக்கம். சேதுவில் மட்டும் நாள் பார்க்க வேண்டியதில்லை என்பார்கள் பெரியவர்கள்.

கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம். கிணற்றுச் சுவர்மேல் ஆள் ஏறி நின்று, கயிற்று வாளியால் இறைத்து நம் தலையில் கவிழ்க்கிறார். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர். கருங்கல் தரை முழுக்க ஈரம், வழுக்கும். நான் மனசுக்குள் பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டு போனதாகத்தான் நினைப்பு. உண்மையில் நினைவெல்லாம் லாட்ஜில் வைத்த பையில் இருந்தது. கடல் பார்த்த அறை என்று பணம் வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுச் சுவர் பார்த்த அறையைக் கொடுத்த லாட்ஜ் அது, பூட்டும் சரியில்லை. ஏழாவது கிணறா எட்டாவதா என்று கணக்கு விட்டுப்போனது. மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு வாளிக்கும் அவளோடு சேர்ந்து "ஓ" என்று கத்தினார். இருபத்திரண்டையும் அவர்தான் சரியாக எண்ணியிருந்தார். எங்களில் யார் தீர்த்தமாடினோம் என்று கேட்டால் என் பெயரைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தனுஷ்கோடியில்தான் தடுமாறினேன். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் ஊரையும் ஒரு ரயிலையும் ஆட்களோடு கொண்டுபோன இடம். இடிந்த சர்ச் சுவருக்கு முன்னால் வரிசையில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். சங்கு, சோழி விற்கும் கடைகள். "இந்தப் பக்கம் பெண் கடல், அந்தப் பக்கம் ஆண் கடல்" என்று காட்டினார் வேன் டிரைவர். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் சீற்றம். பேத்தி அந்தச் சுவரைச் சுற்றி ஓடிப்பிடித்தாள். நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். மாமியாரின் கேள்விதான் நாக்கு நுனிவரை வந்தது. அப்போது கடைக்காரம்மா ஒருத்தி, "ஓடட்டும்மா, இங்க பிள்ளைங்க சத்தம் கேட்டு நாளாச்சு" என்றார். அவர் வீட்டில் யார் போனார்களோ, கேட்கவில்லை.

எல்லா விளையாட்டும் வழிபாடு என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் செல்ஃபி வரிசை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் கும்பிட வந்தவள் கும்பிட்டாளா என்பதற்கும் இனி நான் ஜாமீன் நிற்கமாட்டேன்.

போகிறவர்களுக்கு ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் போகாதீர்கள். தை பிறந்து போங்கள். மாற்றுத்துணி கட்டாயம் கொண்டுபோங்கள். தீர்த்தமாடிய ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள்.