மாலையாக ஏற்ற விதி

பதவி உயர்வு வேண்டாம் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு கடிதத்திலும் 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற வரி உண்டு. ஆபீசர் ஆனால் வெளி மாவட்டத்துக்கு டிரான்ஸ்ஃபர். வீட்டில் மாமியார் படுத்த படுக்கை, மகள் ஆறாம் வகுப்பு. நான் வேலை கற்றுக்கொடுத்த பையன் ஏழே வருடத்தில் எனக்கு மேனேஜராக வந்தான். நல்லவன். "உட்காருங்கக்கா" என்றான். ஆனாலும் அன்று காலை எழுந்து நின்று வணக்கம் சொன்னது நான்தான்.

மகாபிரஜாபதி கோதமியைப் பற்றிப் படித்தபோது அந்தக் காலைதான் நினைவுக்கு வந்தது. புத்தரை வளர்த்த சிற்றன்னை அவர். கபிலவஸ்துவில் மூன்று முறை துறவு கேட்டார். மூன்று முறையும் மறுப்பு. தலையை மழித்துக்கொண்டு, சாக்கியப் பெண்களோடு புத்தர் தங்கியிருந்த வைசாலிவரை நடந்தார். வீங்கிய கால்களோடு, புழுதி படிந்து, வாசலில் அழுதுகொண்டு நின்றார். புத்தரின் சீடர் ஆனந்தர் அவருக்காக உள்ளே போய், பெண்ணுக்கு அரகந்த நிலை, அதாவது முழு விடுதலை, கைகூடுமா என்று கேட்டார். கூடும் என்றார் புத்தர். அனுமதி கிடைத்தது, எட்டு விதிகளோடு. முதல் விதி: துறவில் நூறாண்டு மூத்த பிக்குணியும் அன்றைக்குத் துறவு பூண்ட பிக்குவை வணங்க வேண்டும்.

பூமாலையை இரு கைகளாலும் வாங்கித் தலையில் சூடுவதுபோல ஏற்கிறேன் என்றாராம் கோதமி. அவரே மனமுவந்து ஏற்றாரே என்பவர்கள் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பௌத்தத் துறவிகளின் விதிநூலான விநய பிடகம் நிறுத்தவில்லை. அதே கோதமி பிற்பாடு ஆனந்தர் வழியாக ஒரு வரம் கேட்கிறார்: ஆண், பெண் பாராமல் துறவின் மூப்புப்படி வணங்கட்டும். புத்தர் மறுத்துவிட்டார். ஆனால் அவர் கேட்டது ஏட்டில் இருக்கிறது.

விதிகளே பிற்சேர்க்கை என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. இருக்கலாம். என்னை உறுத்துவது வேறு. கதவு திறக்க வேறு வழியே இல்லாதபோது சொன்ன 'சரி'யை விருப்பம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? தம்மதின்னா என்ற பிக்குணி விசாகர் என்ற உபாசகருக்குச் சொன்ன பதில்களைக் கேட்டு, நானும் இப்படித்தான் சொல்லியிருப்பேன் என்றார் புத்தர். அந்த முதல் விதிப்படி, தம்மதின்னாவும் நேற்று வந்த இளம்பிக்குவை வணங்கியாக வேண்டும். அறிவை ஒப்புக்கொள்வதும் முன்வரிசையை விட்டுக்கொடுப்பதும் ஒன்றல்ல என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

போன மாதம் பழைய ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்தாள், இடுப்பில் குழந்தை. பதவி உயர்வு வேண்டாம் என்ற கடிதத்தை எப்படி எழுதுவது என்று கேட்டாள். "சொந்த விருப்பம்னு எழுதாதே. குழந்தையைப் பார்க்க ஆளில்லை, அந்த ஊரில் குவார்ட்டர்ஸ் இல்லைன்னு உள்ளதை எழுது" என்றேன்.

"எழுதினா ஏத்துக்குவாங்களாக்கா?"

"ஏத்துக்காட்டியும் ஃபைல்ல இருக்கும்மா."