இல்லத்துள் காக்கும் அணுவிரதம்



எறும்பு ஊரும் வழி நோக்கி அடி வைப்பவர் நாம். நீரை வடிகட்டிப் பருகுபவர் நாம். ஆயினும் கொல்லாமை விரதம் நாள்தோறும் சோதிக்கப்படும் இடம் நம் இல்லமே. இளமை தொட்டே அறிவு வளர்ச்சி குன்றி, இன்று நாற்பது, ஐம்பது அகவை எய்திய மகனோ, மகளோ, உடன்பிறந்தாரோ வாழும் இல்லங்கள் உள. அவர்களோடு வாழும் அறத்தைச் சிந்திப்போம்.

"அவன் முன்வினை" என்று கூறி அமைவாருண்டு. ஞானத்தை மறைக்கும் வினை ஒன்று உண்டென ஆகமம் கூறும். ஆயின் முற்றுணர்வு எய்தாத எல்லா உயிர்களிடத்தும் அவ்வினை உளது. அவருக்கும் நமக்கும் இடையே அளவால் வேறுபாடு உண்டு. உயிரின் இயல்பால் வேறுபாடு இல்லை. பிறர் வினைக்கணக்கை அறிதல் கேவலிக்கே இயலும். அவரை நடத்தும் முறையால் நாம் ஈட்டும் வினையே நம் கையில் உள்ளது.

கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல் ஆகிய ஐந்தையும் கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்கள் எனத் தத்துவார்த்த சூத்திரமும் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் வகுக்கின்றன. கால்நடைகளைச் சுட்டியே இவற்றை விளக்குவது வழக்கம். இன்று நம் இல்லத்தில் வைத்து நோக்குவோம்.

விருந்தினர் வருங்கால் அவரைப் பின்கட்டு அறையில் தாழிட்டு வைப்பதும் கட்டுதலே. 2001 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். மனநோய் வேறு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு வேறு. பூட்டிய கதவு இருவர்க்கும் ஒன்றே.

கையால் அடியாதாரும் சொல்லால் அடிப்பர். அவர் அருகிருக்கவே அவர் குறையைப் பிறரிடம் உரைப்பதும், நாற்பது வயதினரைக் குழந்தை என்று கொஞ்சி அவர் விருப்பத்தைக் கேளாதிருப்பதும் அவ்வகையின.

உறுப்பறுத்தல் நம்மிடையே ஏது என்பீர். 1994 ஆம் ஆண்டில் மகாராட்டிரத்துச் சிரூர் இல்லத்தைச் சேர்ந்த பெண்களுக்கு, மாதவிலக்கைப் பேணல் அரிது எனக் காரணங்காட்டிக் கருப்பையை அகற்றினர். 2009 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், இத்தகைய பெண்ணின் இசைவின்றி அவள் கருவைக் கலைத்தலாகாது எனத் தீர்ப்பளித்தது. பேசத் திணறுவோர்க்கும் தம் உடல் தமதே.

மிகுபாரம் இருவர் மேல் ஏறுகின்றது. ஒருவர் தாய். வையாவிருத்தியம் எனும் பணிவிடை அகத்தவம் ஆறனுள் ஒன்று. அத்தவத்தை ஒரு பெண்ணிடம் விட்டு ஏனையோர் ஒதுங்குதல் முறையன்று. மற்றவர் அக்குறையுடையவரே. ஒரு செயலைச் சிறு படிகளாகப் பகுத்து, ஒரு படி கைவந்த பின்னரே அடுத்ததைக் கற்பிக்க வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் யாம் கற்ற முதற் பாடம். பூசைக்குரிய அரிசியில் கல் நீக்கும் பணியை அவ்வாறு பழக்குக. பயனுள்ள தொழில் அவர்க்கும் மதிப்புத் தரும்.

யாம் வாழும் திருக்கழுக்குன்றத்தில், மலைமேல் உச்சிப்பொழுதில் இரு கழுகுகளுக்கு வேளை தவறாது அமுது வைத்து வந்தனர். பறவைகள் வாராதொழிந்து பல்லாண்டுகள் ஆயினும், அந்த ஒழுங்கை ஊர் மறக்கவில்லை. இல்லத்து உறுப்பினர்க்கும் அத்தகைய ஒழுங்கு வேண்டும். மெல்ல உண்பவரை, பொழுது சாயுமுன் முடிக்க வேண்டுமென்று விரைவுபடுத்துகிறோம். அல்லது அரைவயிற்றோடு எழுப்புகிறோம். இரவுணவு தவிர்க்கும் நோன்பு அவர் பசியால் நிறைவேறலாகாது. ஒரு நாழிகை முன்னரே இலையிட்டு, ஒருவர் உடன் அமர்ந்து உண்க.

இறுதியாக, பெற்றோர் நெஞ்சை அரிக்கும் வினா: "நமக்குப் பின் யார்?" பதினெட்டு வயது நிறைந்தபின் பெற்றோரும் சட்டப்படி தாமாகவே காப்பாளர் ஆகார். 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளரை அமர்த்தலாம். நம் செங்கற்பட்டு மாவட்டத்து முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது; பயிற்சியும் அறிவுரையும் அங்குக் கிடைக்கும். உடல்நலம் உள்ளபோதே உடன்பிறந்தாரை அழைத்துப் பேசுக. அப்பேச்சில் அவரையும் அமர்த்தி, யாரோடு வாழ விழைகிறார் எனக் கேட்பீராக. அவர் காதறியாமல் அவர் வாழ்வை முடிவு செய்தலும் இம்சையே.

உயிர்கள் ஒன்றற்கொன்று துணையாதலே நம் சமயத்தின் உறுதி. துணை என்பது நாம் தருவது மட்டும் அன்று; பொறுமையையும் சினம் அடக்குதலையும் நாள்தோறும் நமக்குப் பயிற்றும் ஆசான் அவர். மாலையில் பிரதிக்கிரமணம் செய்யும்போது, இவ்வைந்தில் எதை இன்று இழைத்தோம் என ஒருமுறை எண்ணுவோம். மறுநாள் அதனை விலக்குவோம்.

அறம் வளர்க!