கழுத்தில் கட்டிய சமத்துவம்

படித்த கதையின் பெயர் மறந்துபோகும். எழுதியவர் பெயரும் மறந்துபோகும். ஏதோ ஒரு காட்சி மட்டும் நெஞ்சைவிட்டு அகலாது நிற்கும். முகமூடி அணிந்த நடன மங்கையர், அவர்தம் உடலில் ஈயக்குண்டுப் பைகள், எல்லாரும் சமமாகிவிட்டனர் என்று பெருமைப்படும் அரசு. இவ்வளவே நினைவில் எஞ்சிய ஒரு கதையை அண்மையில் தேடலானோம்.

தேடல் முதலில் வேறு வாயில்களுக்கே இட்டுச் சென்றது. எல். பி. ஹார்ட்லி என்னும் ஆங்கில எழுத்தாளரின் 1960ஆம் ஆண்டு நாவலில், பொறாமையை ஒழிக்கவென்று பெண்களின் முகங்கள் ஒரே நடுத்தர அச்சில் மாற்றியமைக்கப்படுகின்றன. அதில் முகம் இருந்தது, ஈயம் இல்லை. இன்னும் பின்னே சென்றால், வயலில் ஓங்கி நின்ற கதிர்களையெல்லாம் வெட்டிக்காட்டி, ஆளும் வழியை மற்றொரு கொடுங்கோலனுக்குக் குறிப்பால் உணர்த்திய கிரேக்கனைப் பற்றி ஹிரடோட்டஸ் எழுதியிருக்கிறார். கருத்து அதுதான், கதை அதுவன்று. ஈயக்குண்டே இறுதியில் வழிகாட்டிற்று. அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானெகட் 1961இல் வெளியிட்ட ‘ஹாரிஸன் பெர்கெரான்’ என்பதே அக்கதை.

காலம் 2081. அழகிகளுக்கு முகமூடி, வலியோருக்குச் சுமை, அறிவாளிகளின் காதிலே ஒரு வானொலிக் கருவி. சிந்தனை தொடராதவாறு இருபது வினாடிக்கொரு முறை அது பேரோசை எழுப்பும். ஜார்ஜ் என்பவர் 47 பவுண்டு ஈயக்குண்டுகளைக் கழுத்தில் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். ஒரு குண்டை எடுத்தெறிந்தாலும் ஈராண்டுச் சிறை, 2000 டாலர் அபராதம். அவருடைய பதினான்கு வயது மகன் ஹாரிஸன் சிறையிலிருந்து தப்பித் தொலைக்காட்சி அரங்கில் நுழைந்து, சுமைகளை அறுத்தெறிந்து ஒரு நடன மங்கையுடன் விண்ணளாவக் குதிக்கிறான். அதிகாரி ஒருத்தி இருவரையும் சுட்டுக் கொல்கிறாள். வீட்டிலிருந்து அதைக் கண்டு அழுத தாய்க்குச் சற்று நேரத்தில் ஏன் அழுதோம் என்பதே மறந்துபோகிறது.

கதையைச் சமத்துவத்திற்கு எதிரான முழக்கமாகக் கொள்வோர் பலர். ஆயின், விடுதலை பெற்ற ஹாரிஸன் முதலில் செய்வது என்ன? தன்னைச் சக்கரவர்த்தியாக அறிவித்துக்கொள்கிறான்! வானெகட் அவனையும் சற்றே எள்ளி நகையாடுகிறார் என்பது நம் கருத்து.

இக்கதை நீதிமன்றமும் ஏறியது. கேஸி மார்ட்டின் என்ற கோல்ஃப் ஆட்டக்காரருக்குப் பிறவியிலேயே வலக்காலில் இரத்த ஓட்டக் கோளாறு. போட்டியில் ஆடுகளத்தைக் கடக்கச் சிறு வண்டியொன்றைப் பயன்படுத்த அனுமதி வேண்டினார். 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எழுவர் அவர் பக்கம் தீர்ப்பளித்தனர், இருவர் மறுத்தனர். மறுத்தவருள் ஒருவரான ஸ்காலியா, தம் மறுப்புரையை முடிக்கும்போது ஹாரிஸன் கதையைச் சுட்டி, எல்லாரும் ஒருவழியாகச் சமமாகிவிட்டனர் என்று ஏளனம் செய்தார். வண்டியிலே சென்றாலும் மார்ட்டின் ஒரு மைலுக்கு மேல் நடக்க வேண்டியிருந்தது. நடந்தே ஆடுவோரைவிட அவருக்கே களைப்பு மிகுதி என்று கீழ் நீதிமன்றம் கண்டறிந்திருந்தது. அப்படியிருக்க, அவர் எவர் கழுத்தில் ஈயத்தைக் கட்டினார்? ஏனையோர் கால்களைப் பிணிக்குமாறு அவர் கேட்டாரா? வலியவன் மீது சுமையேற்றுவதும் மெலியவனின் சுமையை இறக்குவதும் சமத்துவம் என்ற ஒரே பெயரால் அழைக்கப்படுவதால் ஒன்றாகிவிடுமா?

மனிதருள் ஏற்றத்தாழ்வான படித்தரங்கள் உண்டு என்பதைத் திருமறை மறைக்கவில்லை. ஸூரத்துஸ் ஸுக்ருஃபின் 32ஆம் வசனம் அதைப் பேசுகிறது. குருடர், முடவர், நோயாளி மீது குற்றமில்லை என்று ஸூரத்துல் ஃபத்ஹ் அவர்களுக்கு விலக்களிக்கிறது. நிற்க இயலாதவர் அமர்ந்து தொழுகிறார். அவர் பொருட்டு ஸஃப்பில் மற்றவர்களை உட்காரச் சொல்வாரில்லை. அவரை எழுப்பி நிறுத்துவாருமில்லை.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்றவர்கள். அவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் பாங்கு சொல்பவராக ஆக்கினார்கள். விடியலைக் காண இயலாதவருக்கு ஸுப்ஹு பாங்கு! எவருடைய கண்ணையும் கட்டவில்லை. பார்வையுடையோர் வந்து, ‘விடிந்துவிட்டது’ என்று சொல்வார்கள். அதன் பின்னரே அவர்கள் பாங்கு சொல்வார்கள்.